அக்காவைப் பேயாக எழுதியது

எழுதியவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது என்பது அந்தப் போட்டியின் முதல் விதி. படித்ததுமே கேட்க ஆரம்பித்துவிட்டேன். பெயரில்லாமல் அனுப்பினால் அது நம்முடையது என்று எப்படித் தெரியும்? வேறு யாராவது எடுத்துக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது?

"அதுக்குத்தான் ஒரு நம்பர் குடுப்பாங்க சின்னம்மா," என்றாள் என் அக்கா மகள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பேர் போட்டா தெரிஞ்சவங்களுக்கு மார்க் போட்டுருவாங்கன்னு அப்பிடி வெச்சிகிறாங்க."

"நம்மள யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப இன்னாத்துக்குப் பயந்துகினு கீற?"

நான் அப்படித்தான். வேலை பார்க்கிற லாட்ஜில் ஓர் அறையைப் பூட்டிவிட்டுக் கீழே வந்த பிறகு, ஃபேனை நிறுத்தினேனா என்று பார்க்க மறுபடி மாடி ஏறுவேன். வீட்டுக்காரரின் ஆட்டோ வரக் கொஞ்சம் தாமதமானால், எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். திருச்சானூருக்கும் திருப்பதிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மனிதர் அவர். ஏறுகிறவர்களிடம் பேசிப் பேசி வாய் வளர்ந்தவர். நாங்கள் இரண்டு பேரும் பேய்ப்படத்துக்குக் கதை எழுதிப் போட்டிக்கு அனுப்பப் போகிறோம் என்று தெரிந்த அன்று, "லோகத்துல கீற பயத்துக்கெல்லாம் இவதான் ஏஜென்ட்டு. இவளவிட ஆளு எங்க கெடைக்கும் அவங்களுக்கு?" என்றார்.

லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். அந்த ஒன்பதும் தெலுங்கில் படித்தது. வீட்டில் பேசுவதோ தமிழ். தமிழ் எழுத்தை நான் ஒழுங்காகப் படித்தது லாட்ஜில்தான். மெட்ராஸ் பக்கத்திலிருந்து தரிசனத்துக்கு வருகிறவர்கள் அறையைக் காலி செய்யும்போது பாதி எண்ணெய் பாட்டில், ஒற்றைச் செருப்பு, சீப்பு என்று எதையாவது விட்டுப் போவார்கள். அதோடு வாரப் பத்திரிகைகளும் இருக்கும். தொடர்கதையில் ஒரு வாரம் கிடைத்தால் அடுத்த வாரம் கிடைக்காது. கிணற்றடியில் நின்ற பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் தூக்கம் வராது எனக்கு. மீதியை நானே மனதுக்குள் கட்டிக்கொள்வேன். பிறகு எழுதவும் ஆரம்பித்தேன். யாரும் படித்ததில்லை, அக்கா மகளைத் தவிர.

அவள் என்னிடம் பாதியும் அவள் அப்பாவிடம் பாதியுமாக வளர்ந்தவள். சித்தூரைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அவர்களுடையது. அவள் அப்பாவான மாமாவுக்குக் கொஞ்சம் நிலம், அது போக மீதி நாள் கூலி வேலை. புத்தூரில் டிகிரி முடித்துவிட்டு ஸ்ரீ சிட்டியில் ஒரு போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடுதியில் தங்கியிருந்தாள். லீவு நாளில் என்னிடம் வந்துவிடுவாள்.

அவளுக்குப் பேச்சு திருந்தாத வயதில் என் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோவில் இருக்கிற முகத்தைத் தவிர அம்மாவைப் பற்றி இவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சின்ன வயதில் எதிரில் வருகிற ஆட்களையெல்லாம் பிடித்து அம்மாவைப் பற்றிக் கேட்பாள். ஒருத்தர் கோபக்காரி என்பார், இன்னொருத்தர் வாயில்லாப்பூச்சி என்பார். இவள் குழம்பிப்போய் என்னிடம் வருவாள். நானும் ஒரே மாதிரி சொன்னேனா தெரியாது. பெரியவளானதும் கேட்பதை நிறுத்திவிட்டாள். இந்தப் போட்டி வந்துதான் மறுபடியும் கேட்க ஆரம்பித்தாள்.

சென்னையில் யாரோ நடத்துகிற போட்டி. இதுவரை சினிமாவில் எழுதாதவர்கள், தமிழிலோ தெலுங்கிலோ, பேய்ப்படத்துக்கான திரைக்கதை அனுப்பலாம். தேர்ந்தெடுத்தால் படம் எடுக்கிறவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யலாம்.

"செத்துப்போனவங்க திரும்பி வரணும், அவ்ளோதான சின்னம்மா? நம்ம வீட்லயே கீதே," என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில், தாலியோடு செத்துப்போன பெண் பூவாடைக்காரி என்கிற வீட்டுச் சாமி ஆகிவிடுவாள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். பம்பை அடித்துப் பாடி அழைக்கிற பம்பைக்காரரைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய், அவளைக் கூப்பிட்டுக் கலசத்தில் வாங்கிக்கொண்டு வருவோம். நடு அறையில் கலசத்தை வைத்து, புதுப்புடவை, வளையல், பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததை இலையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். கொஞ்ச நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அவள் சாப்பிட வேண்டும். பிறகு வீட்டுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து உடுத்திக்கொள்வாள்.

அந்தச் சாத்தின அறையைத்தான் கதையாக வைத்தோம். கல்யாணப் பெண் ஒருத்தி, அம்மாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று முன்னாலேயே போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். கதவைச் சாத்துகிறார்கள். அம்மா வருகிறாள்.

எழுதும்போது எங்களுக்குள் ஓயாத சண்டை. 'அவளுக்கு நெஞ்சில் ஏதோ அடைத்தது' என்று நான் எழுதினால் அடித்துவிடுவாள்.

"கேமரால தெரியாதத எழுதக் கூடாதாம். நெஞ்சுல அடைச்சத எப்பிடிப் புடிப்பாங்க?"

"அப்ப எப்பிடித்தான் எழுதறது?"

"எச்சி முழுங்கறா, அப்பிடி எழுது."

துக்கம், பயம், ஆசை எல்லாவற்றையும் கை காலாக மாற்றி எழுத வேண்டியிருந்தது. எனக்கு அது பிடித்துத்தான் போயிற்று.

அம்மா வருகிற சீன் வந்ததும் அவள் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டாள். "இத நீ சொல்லு. அம்மா வந்தா இன்னா பேசும்?"

ஈரத்துணியை வாளியில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா எந்தப் பேச்சையும் ஒரு 'ஆங்?' போட்டுத்தான் முடிப்பாள். துன்னியா, ஆங்? தூங்கறியா, ஆங்? பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேழ்வரகுக் களியும் வேர்க்கடலைச் சட்னியும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம் அவளுக்கு. களியை உருட்டும்போது சூடு பொறுக்காமல் உஸ் உஸ் என்பாள், ஆனால் ஆறவிட மாட்டாள். சொல்லச் சொல்ல எனக்கே மறந்துபோனதெல்லாம் வந்தது. அவள் எழுதாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு, அந்த ஆங்."

சொன்னேன். அவளும் சொல்லிப் பார்த்தாள். சரியாக வரவில்லை. மறுபடி சொன்னேன். போட்டி, பரிசு எல்லாம் அவளுக்கு ஒரு சாக்குதான் என்று அப்போது பட்டது. அவளுக்கு வேண்டியது அம்மா பேசுகிற நாலு வார்த்தை. அந்த சீனில் அம்மா களி சாப்பிடுகிறாள், பெண் மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிறாள், அம்மா ஒரு உருண்டை எடுத்து நீட்டி, 'சூடா கீது, ஊதித் துன்னு, ஆங்?' என்கிறாள். அதோடு முடித்தோம். எழுதி முடித்ததும் அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அனுப்பிவிட்டோம். வழக்கம்போல, போய்ச் சேர்ந்ததா, தப்பான இடத்துக்குப் போய்விட்டதா என்று நான் அரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் அவள் என் வீட்டில் இருக்கும்போதே போன் வந்தது. போட்டிக்கு வந்ததைப் படிக்கிற ஒரு பெண். எங்கள் எண்ணைச் சொல்லித்தான் பேசினார். மரியாதையான குரல். அக்கா மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. இந்த மாதிரி ஒரு வீட்டை நான் படத்துல பார்த்ததே இல்ல. ஆனா பயம் எங்கங்க?"

"வருதே மேடம். செத்துப்போனவங்க வராங்களே."

"வராங்க. வந்ததும் எல்லாரும் சந்தோஷப்படறாங்க, சாப்பாடு போடறாங்க. அப்ப படம் பார்க்கறவங்க எப்ப பயப்படறது?"

அக்கா மகள் போனை என் பக்கம் நகர்த்தினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பயம் கீதுங்களே," என்றேன். "தண்ணிகிட்ட போயி கூப்புட்றப்ப, கலசத்து மேல பூ வெப்போம். அது நழுவி வுழுந்தாத்தான் அவங்க வந்துட்டாங்கன்னு அர்த்தம். வுழாம அப்பிடியே கீதுன்னு வையுங்க, அதவிட இன்னாங்க பயம் வோணும்?"

அந்தப் பெண் என்னைத் திருத்தினார்.

"அது பயம் இல்லைங்க. சோகம்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நல்லதுக்குத்தான் பேசினார். அடுத்த சுற்றுக்கு எடுக்க ஆசையாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு மாற்றம்தான். அந்த அம்மா ஏன் நல்லவளாகவே வரவேண்டும்? யாரோ கொளுத்திச் செத்திருக்கலாம். பெண்ணின் கல்யாணம் பொறுக்காமல் வந்திருக்கலாம். திருத்தி எழுதி அனுப்புங்கள், அந்த அறை சீனை மட்டும் நீங்களே வாசித்துப் பதிவு செய்தும் அனுப்புங்கள் என்றார்.

அடுத்த லீவுக்கு வரும்போதே அவள் திருத்திக்கொண்டு வந்துவிட்டாள். இங்கே வருகிற இரண்டு பஸ்களிலும் உட்கார்ந்தே எழுதியிருக்கிறாள். படித்தேன். அம்மாவுக்கு முகத்தில் பாதி இல்லை. பாதம் பின்பக்கம் திரும்பியிருந்தது.

"எங்க அக்கா ஜொரத்துல செத்தா. யாரும் அவள ஒண்ணும் பண்ணல," என்றேன். "எதுக்குடி எரியணும் அவ?"

"இது அம்மா இல்ல சின்னம்மா. கேரக்டரு."

"அப்ப அந்தக் களி? அந்தச் சட்னி? பேசற பேச்சு?"

"அதெல்லாம் இருந்தாத்தான் பயம் ஜாஸ்தியா வரும். நல்லா பேசிக்கினே இருந்து, ஊதித் துன்னுன்னு கைய நீட்டி, பொசுக்குன்னு கழுத்தப் புடிக்கணும்."

அது நல்ல யோசனை. கதை கட்டுகிறவளாக எனக்கே தெரிந்தது, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் நடுங்குவார்கள் என்று. அதனால் கதையில் குறை சொல்லவில்லை. "வீட்ல வெச்சிக் கும்புட்ற ஆளு, ஒருமாதிரியா கீதுடி," என்றேன். அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தாள். "நீ கேஸை மூடினியான்னே நாலு தரம் பாக்கற ஆளு. உன்னக் கேட்டா ஒண்ணுமே பண்ண முடியாது."

மத்தியான வேளையில்தான் பதிவு செய்தாள். என் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, குரல் எதிரொலிக்க வேண்டும் என்று பெரிய குண்டானுக்குள் முகத்தை வைத்துப் பேசினாள். பெண்ணாகவும் அவளே, அம்மாவாகவும் அவளே. 'ஆங்?' என்பதை மெதுவாக ஆரம்பித்து இழுத்து, தொண்டைக்கு அடியில் கரகரவென்று கொண்டுபோய் முடித்தாள். சாப்பாட்டுக்கு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு, உங்க அக்காவா வந்துகீறா? டீ கீ குடுத்தியா?"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் அதைப் போட்டுக் காட்டினாள். இதுவே சினிமாவில் வந்தால் நான் எழுந்து ஓடியே போயிருப்பேன் என்றார் அவர். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாக இன்னும் பலமுறை கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். சோர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரம், "சின்னம்மா, அந்தப் போட்டோவ அந்தாண்ட செவுத்துல மாட்டலாமா?" என்றாள்.

"ஏன்?"

"கண்ணாடியில வெளிச்சம் பட்டு கண்ணு கூசுது."

அக்காவின் போட்டோ இருந்த சுவரில் வெளிச்சமே விழாது. அவளுக்காக மாற்றி மாட்டினேன். சிறுபிள்ளையில் அந்தப் போட்டோவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு சோறு தின்றவள் அவள். அதற்கப்புறம் லீவுக்கு வந்தால் அது மாட்டியிருக்கிற அறைக்குள் தனியாகப் போகமாட்டாள். துண்டு எடுக்க வேண்டுமென்றாலும் என்னைக் கூப்பிடுவாள். கம்பெனி விடுதியில் கனவு வருகிறது என்று ஒருமுறை சொன்னாள். என்ன கனவு என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், இதற்கு மட்டும் பயப்படத் தெரியாமல் இருந்தேன். என் பயமெல்லாம் அக்காவுக்குக் கோபம் வருமோ, வீட்டுக்கு ஏதாவது ஆகுமோ என்பதில்தான் இருந்தது.

கடைசிச் சுற்றுப் பட்டியலில் எங்கள் எண் வரவில்லை. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகத் தேடிப் பார்த்தோம். "ஏம் காது சின்னம்மா, ஒண்ணும் ஆவாது, வுடு," என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிப் போனை அணைத்தாள். அந்தப் பதிவை அழித்துவிடு என்றேன். எப்போதோ அழித்துவிட்டாளாம். "அழிச்சா மட்டும் போயிடுதா?" என்றாள்.

அவளுக்குத் திருவள்ளூர் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைக்க வேண்டும். அம்மா இல்லாத பெண்ணின் கல்யாணம், அந்த அம்மாவையே அழைக்கப் போகிறோம் என்று சொந்தக்காரப் பெண்கள் முன்கூட்டியே அழத் தயாராக வந்திருந்தார்கள்.

ஊர்க் கிணறு வற்றிப்போய் வருடக்கணக்காகிறது. மாமாவின் போர்வெல் தொட்டிதான் தண்ணீர் இருக்கிற இடம். அதற்கும் த்ரீ ஃபேஸ் கரண்ட் வர வேண்டும். பம்பைக்காரர் வந்து காத்திருந்தார், கரண்ட் வரவில்லை.

"அக்கா வர்றதுக்கும் லைன்மேன் மனசு வெக்கணும் போலகீது," என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். மாமாகூடச் சிரித்துவிட்டார். கரண்ட் வந்து குழாயில் தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் எல்லோரும் கைகூப்பினார்கள். கலசத்தில் தண்ணீர் பிடித்து, வேப்பிலை செருகி, மேலே பூ வைத்தார்கள். பம்பை முழங்கியது. பம்பைக்காரர் என் அக்காவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உன் பெண்ணுக்குக் கல்யாணம், வா தாயே, கோபம் குறை இல்லாமல் வா என்று பாடினார்.

நான் பூவைப் பார்க்கவில்லை. அக்கா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலசத்தை ஏந்தியிருந்தது அவள்தான். இடுப்போடு அணைத்துப் பிடிக்க வேண்டியதை, உடம்பில் படாமல் இரண்டு கையையும் நீட்டிப் பிடித்திருந்தாள். கை நடுங்கியது. நடுக்கத்தில் பூ விழுந்தது. "வந்துட்டா, வந்துட்டா," என்று பெண்கள் குலவை போட்டார்கள். மாமா துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். பெண் கை நடுங்கியதைப் பார்த்து, அவளுக்கு அருள் வந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். எனக்குத் தெரியும், அது என்ன நடுக்கம் என்று. அம்மா வந்துவிடுவாளோ என்று அந்தப் பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நடு அறையில் கலசத்தை வைத்து, மஞ்சள் புடவை வைத்து, களி உருண்டையும் சட்னியும் போட்டுக் கதவைச் சாத்தினோம். வாசலில் அவள் என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றாள். திறக்கிற நேரம் வந்ததும் மாமா அவளைக் கூப்பிட்டார்.

"போம்மா. நீதான் தொறக்கணும்."

"சின்னம்மா போவட்டும் நைனா."

"இன்னாம்மா இது, உங்கம்மா தான?"

"தல சுத்துது நைனா," என்றாள். அவளுடைய நகம் என் கையில் பதிந்திருந்தது.

மாமாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை இவள், மயக்கமாயிருக்கும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன்.

ஊதுவத்திப் புகை. இலையில் களி அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் காய்ந்திருந்தது. அவள் போன இத்தனை வருடத்தில் அக்காவோடு தனியாக இருந்தது அந்த ஒரு தடவைதான். "வெளிய நிக்கிறா," என்றேன். "பெருசா வளந்துட்டா. உன் ஒசரம். உன்னப் பாக்கணும்னு எவ்ளோ ஆசப்பட்டா தெரியுமா. இப்ப வரமாட்டேங்கறா. தப்பா எடுத்துக்காதே. அது உன்னப் பாத்துப் பயந்ததில்ல. நாங்க எழுதினதப் பாத்துப் பயந்தது." வெளியே குரல் கேட்டுவிடுமோ என்று அதோடு நிறுத்திக்கொண்டேன். புடவையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன், உடுத்திவிட. பூவாடைக்கு வைத்த புடவையை அப்படியே கட்ட வேண்டும், தண்ணீர் படக் கூடாது. அதில் பூவாடைக்காரி இருக்கிறாள், தண்ணீர் பட்டால் போய்விடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. பிரித்துத் தோளில் போட்டேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, என் காதருகே வந்தாள்.

"சின்னம்மா, ஒரு தரம் தண்ணில அலசிட்டுக் கட்டிக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பயப்படாதே, உன் அம்மாதான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இருந்த ஒரே அம்மா இப்போது அந்தக் குண்டானுக்குள் பேசியவள்தான். நாளைக்குத் திருவள்ளூருக்குப் போகிறவள், அங்கேயாவது விளக்கை அணைத்துத் தூங்க வேண்டும்.

பின்கதவைச் சாத்தினேன். வாளியில் தண்ணீர் பிடித்து, புடவையை நானே முக்கி எடுத்தேன். மஞ்சள் சாயம் தண்ணீரில் இறங்கியது. இரண்டு பேருமாக ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். ஈரத்தோடேயே கட்டிக்கொண்டாள். கொசுவத்தைச் செருகிவிட்டபோது, அவள் வயிறு நடுங்காமல் இருந்தது.